மாதோட்டத்து ஓடுகளுக்கு முத்திரை இல்லை

பழைய பீங்கானின் ஊரையும் வயதையும் எப்படிக் கண்டுபிடிப்பது? மன்னார்ப் பக்கத்து நானாட்டானைச் சுற்றியுள்ள மண்ணிலும் அலுமாரிகளிலும் விடை இருக்கிறது.

பழைய பீங்கான் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் அதைக் கவிழ்த்து அடியைத்தான் பார்க்கிறோம். நீலத்திலோ சிவப்பிலோ நாலு சீன எழுத்து தெரிந்தால் போதும், மனம் துள்ளத் தொடங்கிவிடும். விற்கிறவர் "மிங் காலம்" என்றால் மறுபேச்சு இல்லை. ஆனால் பீங்கானில் பொய் எழுத மிக வசதியான இடம் அந்த அடிப்பக்கம்தான்.

மிங் பேரரசர் செங்குவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. அவர் காலத்துப் பீங்கானுக்குப் பேர் பெரிது. அதனால் இருநூறு ஆண்டுகள் கழித்து, கங்ஷி பேரரசரின் காலத்தில், ஜிங்தெசென் சூளைக்காரர்கள் தங்கள் புதுச் சரக்கில் செங்குவாவின் பெயரை எழுதினார்கள். 1677இல் அவ்வூர் அதிகாரி ஒருவர், ஆளும் பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதவே கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்தால் பேரரசரின் பெயர் குப்பையில் கிடந்து மிதிபடும் என்பது அவர் கவலை. சூளைக்காரர்களுக்கு இதுவும் வசதியாகப் போயிற்று. பழைய பேரரசர்களின் பெயர்கள் இன்னும் தாராளமாக ஏறின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்ஷியின் பெயரே போலியாக எழுதப்பட்டது. முத்திரையை நம்பி வயது சொல்கிறவர், பொய்ப் பிறப்புச் சான்றிதழைக் காட்டி வயது சொல்கிறவர் மாதிரித்தான்.

நானாட்டான் பக்கத்து மண்ணுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வடக்கே திருக்கேதீச்சரத்தைச் சுற்றி, இரட்டை அகழியோடு குதிரை லாட வடிவில் கிடக்கும், பழைய மாதோட்டத் துறையான மாந்தை மேட்டில் கிடைத்த சீன ஓடுகள் அரச முத்திரை பழக்கத்துக்கு வருவதற்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றை ஊர் பேர் சொல்ல வைக்க வேண்டுமானால் மண்ணையும் மெருகையும் சுட்ட விதத்தையும்தான் கேட்க வேண்டும்.

மாந்தையைத் தோண்டிப் பார்க்கும் ஆசை பழையது. 1887இல் போக், 1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஹோகார்ட், 1950இல் சண்முகநாதன் என்று பலர் அங்கே மண்வெட்டி போட்டிருக்கிறார்கள். ஆனால் சீனப் பீங்கானை மனதில் வைத்து வந்தவர் ஜோன் காஸ்வெல். 1974இல் மாலைதீவில் மாலே நகர மண்ணிலிருந்து சீன ஓடுகளைப் பொறுக்கியவர் அவர். சீனாவுக்கும் அரபுக் கரைக்கும் இடையில் இந்தச் சரக்கு எங்கெங்கே இறங்கி ஏறியது என்ற கேள்வி அவரை இந்தியக் கரையோரத்துக்கும், யாழ்ப்பாணத்துக்கும், கடைசியில் மாந்தைக்கும் கொண்டுவந்தது. 1980 முதல் 1984 வரை இலங்கைத் தொல்பொருள் திணைக்களத்தின் சிரான் தெரணியகலவும் அவரும் சேர்ந்து அகழ்ந்தார்கள். பிறகு யுத்தம் வந்து வேலையை நிறுத்தியது. முழு அறிக்கை நூலாக வெளிவர 2013 ஆயிற்று. தோண்டியவருக்கும் படிப்பவருக்கும் இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு.

அந்த மேட்டில் என்ன கிடைத்தது என்பதைவிட, அதை எப்படி இனம் கண்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது.

வெள்ளை ஓடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெருகு வெள்ளை. கழுவித் துடைத்தால் இன்னும் வெள்ளை. சீனம் என்று சொல்லிவிடலாமா? உடைந்த விளிம்பைப் பார்க்கும்வரை சொல்லக் கூடாது. விளிம்பிலும் மண் வெள்ளையாக, இறுக்கமாக, கல்லைப்போல் இருந்தால், வடசீனாவில் ஹெபெய் மாகாணத்துச் சிங் அல்லது திங் சூளைச் சரக்காக இருக்கலாம். ஈரம் பட்டாலும் உறிஞ்சாது. நகத்தால் தட்டினால் கணீர் என்னும். விளிம்பில் மண் வெளிர்மஞ்சளாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் கதையே வேறு. அது சீனம் இல்லை, பஸ்ரா. ஒன்பதாம் நூற்றாண்டு ஈராக்கியக் குயவருக்கு வெண்களி மண் கிடைக்கவில்லை. அந்தச் சூட்டுக்குச் சூளையும் இல்லை. ஆனால் சீன வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். ஈயமெருகில் வெள்ளீயச் சுண்ணத்தைக் கலந்து, மஞ்சள் மண்ணை வெள்ளைப் போர்வையால் மூடினார்கள். மேலே கோபால்ட் நீலத்தால் இரண்டு கோடும் இழுத்தார்கள். சீனத்தின் பெயரோடு உலகம் சேர்த்து நினைக்கும் நீலமும் வெள்ளையும் இப்படி அரபுக் கைகளில்தான் முதலில் வேரூன்றின. சீனச் சரக்கும் அதைப் பார்த்துச் செய்த அரபுச் சரக்கும் இந்தியப் பெருங்கடலின் துறைகளில் அருகருகே இறங்கின. மாந்தையில் இரண்டு திசைச் சரக்கும் மண்ணுக்குள் இருந்தன.

இரண்டாவது பச்சை. ஷெஜியாங் மாகாணத்து யூவே சூளைச் சரக்கு ஒலிவ் காயின் நிறத்தில், மெல்லிய மெருகோடு வரும். உடல்மண் நுண்ணிய சாம்பல் நிறம். அடியைத் திருப்பினால் எழுத்து இருக்காது. அவரை விதை அளவில் சில தழும்புகள் இருக்கும். கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுடும்போது ஒட்டாமல் இருக்க வைத்த மண் உருண்டைகளின் அடையாளம் அது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக் கிண்ணங்களில் இன்னொன்றும் உண்டு: அடிவளையம் ஒடுங்கலாக இருக்காது, நடுவில் சின்னக் குழியோடு அகலத் தட்டையாக இருக்கும். கைதேர்ந்தவர் இந்த அடியைத் தடவிப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லிவிடுவார். எழுத்தைப் போலியாக எழுதலாம். ஆனால் அடியைக் கடையும் கையின் பழக்கத்தைப் போலி செய்வது கடினம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா கிண்ணம். வைக்கோல் மஞ்சள் மெருகு, அதற்கு அடியில் இரும்பின் தவிட்டு நிறத்திலும் செம்பின் பச்சையிலும் நாலு கீற்று. ஒரு பறவை, ஒரு இலை, அல்லது என்னவென்று சொல்ல முடியாத ஒரு சுழி. விளிம்பை நாலு பக்கம் தவிட்டு மெருகில் தோய்த்திருப்பார்கள். அடிப்பக்கத்துக்கு மெருகு எட்டாது. அரண்மனைச் சாமான் இல்லை. கூடை கூடையாகச் செய்து கப்பல் ஏற்றிய மலிவுச் சரக்கு. இதன் வயதைச் சொல்ல நமக்கு ஓர் அபூர்வச் சாட்சி இருக்கிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடலடியில் ஓர் அரபுக் கப்பல் அகப்பட்டது. அதில் ஏறக்குறைய 60,000 பீங்கான்கள், பெரும்பாலும் சாங்ஷா கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் மட்டும் சுடுவதற்கு முன்பே திகதியைக் கீறியிருந்தார்கள். நம் கணக்கில் அது 826ஆம் ஆண்டு. இன்று அந்தச் சரக்கு சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பல் முழுகாமல் மேற்கே வந்திருந்தால் இலங்கைப் பக்கமாகவே போயிருக்கும் என்று எண்ணலாம்.

திருக்கேதீச்சரப் பதிகத்தில் சுந்தரர் மாதோட்டத்துக் கடலைக் கப்பல்கள் மலிந்த கடல் என்கிறார். சுந்தரரின் காலத்தை ஆய்வாளர் எட்டாம் நூற்றாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று இழுபறிப்படுகிறார்கள். எப்படி வைத்தாலும் சாங்ஷா கிண்ணங்கள் கடலில் வந்த காலம் அதுதான். அடியார் பாடிய கப்பல்களில் சில என்ன ஏற்றி வந்தன என்று கேட்டால், மாந்தை மேட்டின் ஓடுகளைக் காட்டலாம்.

பெலித்துங் கப்பல் இன்னொரு பாடமும் சொன்னது. கிண்ணங்களை வைக்கோலில் பொதிந்து, தோளில் காது வைத்த பெரிய பச்சைச் சாடிகளுக்குள் சுழல் சுழலாக அடுக்கியிருந்தார்கள். ஒரு சாடிக்குள் நூற்றுக்கு மேல். குவாங்டொங் பக்கத்தில் செய்த அந்தச் சாடிகள் மாந்தை உட்பட அக்காலத் துறைமுகங்கள் பலவற்றில் உடைந்து கிடக்கின்றன. தடித்த, கரடுமுரடான, மெருகு வழிந்து காய்ந்த ஓடுகள். அழகில்லாததால் பொறுக்குகிறவர்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஒரு துறைமுகத்தில் மொத்தச் சரக்கு இறங்கியதா, யாரோ ஒரு பிரயாணியின் கைப்பையில் ஒரு கிண்ணம் வந்ததா என்பதைச் சொல்வது அந்த அசிங்கமான ஓடுதான்.

இறங்கிய சரக்கு மேட்டிலேயே தங்கவில்லை. நானாட்டானுக்குத் தெற்கே ஓடிக் கடலில் சேரும் அருவியாறு, மேலே போகப் போக மல்வத்து ஓயா. அதன் கரையில் அனுராதபுரம். அங்கே அபயகிரி விகாரையிலும் பழைய நகர்ப் பகுதியிலும் கிடைத்த சீன ஓடுகளும் இதே வகை. மாந்தையிலிருந்து தலைநகருக்குப் போன கிண்ணம், நானாட்டான், முருங்கன், கட்டுக்கரைக் குளம் என்று நாம் இன்று பஸ்ஸில் கடக்கும் நிலத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இந்த நிலம் வெறும் வயல்வெளி இல்லை என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 2020இல் நானாட்டானில் வீடு கட்ட மண் வெட்டியபோது ஒரு பானையில் பழங்காசுகள் குவியலாக வெளிவந்தன.

சோழர் ஆட்சியில் மாதோட்டம் ராஜராஜபுரம் ஆயிற்று. பதினோராம் நூற்றாண்டோடு மாந்தைத் துறையின் பெருவாழ்வு அடங்கிவிட்டது. பீங்கானின் வயதைக் காண இது மிக உதவியான செய்தி. நீலக்கோலப் பீங்கானைச் சீனா பெருமளவில் ஏற்றுமதி செய்தது பதினான்காம் நூற்றாண்டில். ஆகவே "மாந்தையில் தோண்டி எடுத்த பழைய நீலக்கோலத் தட்டு" என்று யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், ஒன்று தட்டு மாந்தையின் பெருங்காலத்தது இல்லை, அல்லது அவர் சொல்லும் கதை உண்மை இல்லை.

கப்பல்கள் நின்றுவிடவில்லை, துறை மாறின. யாழ்ப்பாணத்துக்கு அருகே அல்லைப்பிட்டிக் கரையில் காஸ்வெல் கண்டவை வடசோங் காலத்து ஓடுகள். 2018இல் சாங்ஹாய் அருங்காட்சியகத்தினர் மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து அங்கே மீண்டும் தோண்டினார்கள். அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஓடுகள். காலம் பதினோராம் நூற்றாண்டின் கடைசியும் பன்னிரண்டின் தொடக்கமும். தென்சீனச் சூளைகளின் குப்பைமேட்டை அறிந்தவர்கள் வந்து பார்த்ததால் ஓட்டுக்குச் சொந்த ஊரும் கிடைத்தது. சூளையடியில் கிடக்கும் உடைசலோடு ஒப்பிடுவதைவிடப் பெரிய சோதனை வேறு இல்லை.

அதற்கும் பிந்திய அத்தியாயம் அக்கரையில், மன்னார் வளைகுடாவின் மறுபுறம், இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் இருக்கிறது. 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தது. எ. சுப்பராயலுவும் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமாவும் அந்த ஊரின் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன ஓடுகளை உலகறியச் செய்தார்கள். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டு. இங்கே பச்சை வேறு பச்சை: லுங்சுவான் சூளையின் செலடன். மெருகு தடிப்பாக, பச்சைக்கல்லைப்போல் உள்ளொளியோடு இருக்கும். மெருகு படாத அடிவளையம் சூளைக் காற்றுப் பட்டுச் செங்கல் நிறமாகச் சிவந்திருக்கும். மாந்தையின் யூவே பச்சைக்கும் பெரியபட்டினத்து லுங்சுவான் பச்சைக்கும் இடையில் முந்நூறு, நானூறு ஆண்டு இடைவெளி. நிறத்தின் பெயர் மட்டும் ஒன்று. இரண்டு ஓட்டையும் ஒரு மேசையில் வைத்தால் பத்து வயதுப் பிள்ளையும் வேறுபிரித்துவிடும்.

பெரியபட்டினத்தில் நீலக்கோலமும் தலைகாட்டுகிறது. அக்கால நீலத்துக்குரிய கோபால்ட் பாரசீகப் பக்கத்திலிருந்து சீனாவுக்குப் போனது. இரும்பு கூடியது, மாங்கனீசு குறைந்தது. கோடு அழுத்தமாக விழுந்த இடத்தில் கறுப்பாகத் திரண்டு நிற்கும். பின்னாளில் சீனா தன் மலைகளில் எடுத்த கோபால்டில் மாங்கனீசு அதிகம். இன்று எக்ஸ் கதிர்க் கருவியை ஓட்டில் வைத்து இந்த விகிதத்தை அளக்கிறார்கள், ஓட்டுக்குச் சேதம் இல்லை. சுட்ட மண்ணைச் சூடாக்கி அது விடும் ஒளியிலிருந்து வயது கணக்கிடும் முறையும் உண்டு. ஆனால் அதற்குப் பாத்திரத்தில் துளை போட்டு மண் எடுக்க வேண்டும்.

பறங்கியர் மன்னார்க் கோட்டையைக் கட்டியது 1560இல். அவர்களுடைய கப்பல்களில் வந்தது மிங் பேரரசர் வான்லி காலத்து ஏற்றுமதிச் சரக்கு: மெல்லிய நீலக்கோலத் தட்டு, விளிம்பைச் சுற்றிக் கட்டங்கட்டமாகப் பிரித்த கோலம், அடிவளையத்தில் ஒட்டிச் சுட்ட சூளை மணல். விளிம்பில் மெருகு பூச்சி அரித்ததுபோல் பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருக்கும். 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்து சூளைகள் கலங்கிக் கிடந்தன. எனவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1659இல் ஜப்பானின் அரித்தாவுக்குப் பல்லாயிரக்கணக்கில் ஓடர் கொடுத்தது. அரித்தாத் தட்டைச் சீனத் தட்டிலிருந்து பிரிக்க ஒரு சின்ன வழி: அடிப்பக்க மெருகில் மூன்று அல்லது ஐந்து ஊசிமுனைத் தழும்பு. சூளையில் தட்டின் நடு தொய்யாமல் இருக்க முட்டுக்கொடுத்த இடம். வியட்நாமியச் சரக்கில் அடியில் சொக்லட் நிறம் பூசியிருப்பார்கள். இவ்வளவும் தெரிந்தால் எழுத்து வாசிக்கத் தெரியாமலே பாதித் தூரம் போய்விடலாம்.

சந்தையில் ஏமாற்றும் வேலை இதற்கும் மேலே நடக்கிறது. புதுத் தட்டின் பளபளப்பை அமிலத்தால் மழுக்குகிறார்கள், தேயிலைச் சாயத்தில் ஊறவைக்கிறார்கள், "கடலடிச் சாமான்" என்று காட்டச் சிப்பியைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள். உண்மையான தேய்வு கை படும் இடத்திலும் மேசை உரசும் இடத்திலும் ஒழுங்கில்லாமல் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் எல்லாம் ஒரே பக்கம் போகும்.

இதைவிட மோசமான கேடு, உண்மையான ஓட்டை உண்மையாகவே தோண்டி எடுத்துப் போவது. அகழ்வுக் குழியில் ஓர் ஓடு எந்த மண்படையில், எந்த மணியோடு, எந்தக் காசோடு கிடந்தது என்பதுதான் அதன் சாட்சியம். யாரோ பொறுக்கிப் பையில் போட்ட சாங்ஷா ஓடு சீனாவைப் பற்றிச் சொல்லும், மாதோட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எது தொல்பொருள் என்பதற்கு 1815 மார்ச் 2ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் தோண்டுவதும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். காணி உங்களுடையது என்பதால் அதற்குள் புதைந்த தொல்பொருள் உங்களுடையது ஆகாது. அத்திவாரம் வெட்டும்போது ஓடோ காசோ கண்டால், அங்கேயே வேலையை நிறுத்தி, எடுக்காமல் படம் பிடித்துக்கொண்டு, பிரதேச செயலகத்துக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ சொல்வதுதான் முறை.

வீட்டு அலுமாரியில் இருப்பது வேறு விடயம். நானாட்டானில் ஒரு வீட்டில், இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி வந்த பெரிய தட்டு ஒன்றைக் காட்டினார்கள். நீலமும் சிவப்புமாகப் பூக்கள்.

"என்ர பேத்தியாற்ற சீதனச் சாமான், தம்பி. ஒல்லாந்தர் காலத்தது எண்டு ஐயா சொல்லுவார்" என்றார் வீட்டுக்கார அம்மா.

தட்டின் பின்புறம் ஸ்பிங்ஸ் உருவம், கீழே மாஸ்ட்ரிக்ட் என்ற ஊர்ப்பெயர். விளிம்பில் ஒரு சிதறல் விட்டிருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன்; ஒரு நிமிடத்தில் மண் அதைக் குடித்துவிட்டது. பீங்கான் குடிக்காது. மெருகில் முடிபோன்ற வெடிப்புகள், அதற்குள் பல வருடத்துத் தேநீர்க் கறை. உருப்பெருக்கியில் பார்த்தால் பூவிதழ் தூரிகைக் கோடு இல்லை, அச்சுப் புள்ளிகள். கோலம் சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரு இலை பாதியில் வெட்டுண்டு நின்றது. ஆக இது தாளில் அச்சடித்து ஒட்டிய ஐரோப்பிய மண்பாண்டம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பெத்ரஸ் ரெகு தொழிற்சாலை தொடங்கியது 1836இல். மன்னாரை ஆங்கிலேயர் எடுத்தது 1795இல்.

"அம்மா, இது ஒல்லாந்துச் சாமான்தான். ஒல்லாந்தர் காலத்துச் சாமான் இல்லை. அவங்கள் போய் நாற்பது வருசத்துக்குப் பிறகுதான் இந்தக் கொம்பனியே வந்தது."

"அப்ப ஐயா சொன்னது பாதி சரி" என்று சிரித்தார். "நத்தாருக்கு இதிலதான் பலகாரம் வைக்கிறனாங்கள். சோறு போட்டுச் சாப்பிடலாமோ?"

பலகாரத்துக்குப் பயமில்லை. ஆனால் பழைய மண்பாண்ட மெருகில் ஈயம் இருக்கும், புளி பட்டால் அது கசியும். மீன் குழம்புக்கு வேண்டாம் என்றேன். அலுமாரியில் மிச்சம் இருந்தவற்றையும் பார்த்தோம். அடியில் ஆங்கிலத்தில் 'நிப்பொன்' என்று போட்ட ஜப்பானியத் தேநீர்க் கோப்பை 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் ஏற்றுமதி நாட்டின் பெயரைப் போடச் சொன்னதன் விளைவு. நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் சுமக்கும் எந்தச் சீனச் சாமானும் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியதே. அதன் பக்கத்தில் நம் நாட்டுத் தங்கொட்டுவைப் பீங்கான் செட் ஒன்று, அந்த வீட்டிலேயே மிக வெள்ளையானது. அந்த அலுமாரியில் தண்ணீர் குடிக்காத உண்மையான பீங்கானில் அதுவும் ஒன்று.

குசினி மூலையில் தவிட்டு நிறச் சாடி ஒன்று நின்றது. முழங்கால் உயரம், தோளில் நாலு காது, மெருகு பாதியில் வழிந்து நின்ற அடி. தென்சீனமா, பர்மாவின் மர்த்தபான் பக்கமா என்று பார்வையால் சொல்ல முடியாது. இந்தச் சாடிகளை நூற்றாண்டுக் கணக்கில் ஒரே அச்சில் செய்தார்கள். மண்ணைச் சோதித்தால்தான் ஊர் தெரியும். ஆனால் அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும்விட இது மூத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதைக் கழுவி முன்னறையில் வைக்கலாமே என்றேன்.

"அதுக்குள்ள தேசிக்காய் ஊறுகாய் கிடக்கு, தம்பி. அது குசினிச் சாமான். அலுமாரியில வைச்சால் பார்க்கிறவை சிரிப்பினம்."